டயருக்குள் வெள்ளைக் கட்டி

அத்தியாயம் ஒன்பது

உடப்புசல்லாவை பொலிஸ் நிலையத்தின் பின்பக்கம் அந்த ஜீப் மூக்கு நசுங்கிக் கிடந்தது. பள்ளத்திலிருந்து தூக்கி வந்து போட்ட நாளிலிருந்து மழை விடவில்லை. சீட்டெல்லாம் பூஞ்சணம். சக்கரங்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சேறானாலும் பாறையானாலும் ஏறி இறங்கட்டும் என்று, உல்லாசப் பயணிகள் தங்கும் பங்களாவின் முதலாளி ஆசைப்பட்டுப் பூட்டச் சொன்ன பெரிய டயர்கள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டயரு ஒங்க நெஞ்சு வரைக்கும் வருது. ஒங்களையும் வண்டியோட சாமான்னு எழுதிறப் போறாங்க," என்றாள் டோரீன்.

றோலண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காப்புறுதிக் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்தே காலம் தள்ளியவர். இப்போது நுவரெலியாவில் சொந்தமாகத் துப்பறியும் போர்டு மாட்டியிருக்கிறார். டோரீன் அவருடைய உதவியாள். வயதில் மூத்தவள், ஸ்பெயார் பார்ட்ஸ் கடை கவுண்டரில் பாதி ஆயுளைக் கழித்தவள். சம்பளம் வாங்குவது அவள், ஏச்சு வாங்குவது அவர்.

இந்த வழக்கு அவருக்கு முதல் நாளிலிருந்தே நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஜீப்பை ஓட்டியவன் அழகன், பங்களா டிரைவர். இறக்கத்தில் வரும்போது வண்டி ஆட்டம் கண்டு, முடக்கில் திரும்பாமல் நேராகப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பாதி வழியில் ஏறிக்கொண்ட பழனியாண்டி, தொழிற்சாலைக் காவல்காரர், அங்கேயே முடிந்துபோனார். அழகன் ரிமாண்டில். அவன் மனைவி பரிமளம், மழையில் நனைந்த சேலையோடு றோலண்டைத் தேடி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எம் புருஷன் குடிக்கிற ஆளு இல்லீங்கய்யா. வேகமாப் போற ஆளும் இல்ல. வண்டி ஆடுச்சுன்னு சொல்றாரு. ஏன் ஆடுச்சுன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க, அவர் வெளிய வந்துருவாரு."

நாளைக்கு வழக்கு. இதற்குள் அழகனே பெரிய குண்டைத் தூக்கிப் போட்டிருந்தான். ஸ்டியரிங் கையைப் பிடுங்கியது என்று முதலில் சொன்னவன், போன வாரம் வாக்குமூலத்தை மாற்றிவிட்டான். வண்டியில் குறை இல்லை, நான்தான் வேகமாக வந்தேன் என்கிறான். றோலண்ட் போய்க் கேட்டபோதும் தலையைத் தூக்காமல் அதையே சொன்னான்.

"வுட்டுருங்க சார். ஜூட் மேல பழி போடாதீங்க. தப்பு என்னுது."

அந்த ஜூட்தான் இப்போது ஜீப்பின் பக்கத்தில் கம்பியும் கையுமாகக் குந்தியிருந்தான். டயர்களைப் பூட்டியவன் அவன். பழனியாண்டி செத்த மறுநாளே யாரோ அவன் டயர்க் கடைக்குக் கல்லெறிந்திருந்தார்கள். டயரைத் திறந்து காட்டு என்று றோலண்ட் கேட்டதும், உயிரே திரும்பி வந்ததுபோல் ஓடி வந்திருந்தான்.

"பெரிய டயருக்கு பேலன்ஸ் எடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல மாத்தயா," என்று பக்கத்தில் நின்ற சார்ஜன்டுக்கு விளக்கினான். "எந்த டயரும் ஒரே சீரா இருக்காது. ஒரு பக்கம் கனம் கூடும். கார் டயருன்னா மெஷின்ல சுத்தவுட்டுப் பாத்து, எதிர்ப் பக்கம் ரிம்முல ஈயத்துண்டு ஒட்டிருவோம். இது டவுன்ல இருக்கிற எந்த மெஷின்லயும் ஏறாது. ஈயம் ஒட்டினாலும் மொதச் சேத்துலயே புட்டுக்கிட்டுப் போயிரும். அதான் டயருக்குள்ள கடுகளவு வெள்ளைப் பொடி மணிய ஊத்துறது. வண்டி ஓடுறப்ப அதுங்களே உருண்டு, கனம் கொறைஞ்ச பக்கமாப் போயி ஒட்டிக்கிரும்."

"நம்ம கோயில் சபைக் கூட்டம் மாதிரி இல்ல," என்றாள் டோரீன். "அங்க எல்லாரும் கனமான பக்கந்தான் சாய்வாங்க."

சார்ஜன்ட் சிங்களவர். தமிழ் நன்றாகப் புரியும், சிரிக்கத்தான் யோசிப்பார். "ஹரி, ஹரி. சரி, தொற," என்றார்.

ஜூட் முன் இடது டயரின் ஓரத்தைக் கம்பியால் நெம்பினான். இளகியதும் கையை உள்ளே விட்டான். விட்ட கை அப்படியே நின்றது. முகம் வெளுத்தது. அவன் வெளியே எடுத்தது மணி இல்லை. சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டிபோல் ஒரு பக்கம் வளைந்த, கல்லாக இறுகிய, ஒரு வெள்ளைக் கட்டி.

"லுணு!" என்றார் சார்ஜன்ட். "உப்பு! டயருக்குள்ள உப்பப் போட்டு ஏமாத்தியிருக்கே!"

"ஐயோ மாத்தயா, மாதாவே சாட்சி, நான் உப்புப் போடல!" ஜூட் எழுந்து நின்றுவிட்டான். "மணி எங்க கடைச் சாமானே இல்ல. பங்களா முதலாளி கொழும்புலேருந்து எடுத்தாரு. வர்ற வழியிலேயே பெட்டி நனைஞ்சு கிழிஞ்சிருச்சுன்னு அழகன் ஒரு பழைய யூரியாப் பையில கொட்டி ஊட்டுல வச்சிருந்தான். டயரு வந்தப்புறம் அவன்தான் கொண்டாந்து குடுத்தான். நான் கோப்பையால அள்ளி ஊத்தினதோட சரி."

சார்ஜன்டின் முகத்தில் வெளிச்சம் வந்தது. றோலண்டுக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை.

"அப்ப அழகன்தான் ஆளு. நல்ல மணிய வித்துட்டு உப்பக் கொண்டாந்து குடுத்திருக்கான். பொஞ்சாதி வந்து பாத்துட்டுப் போன அன்னைக்குத்தானே கதைய மாத்தினான்? ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க. வேகம்னு ஒத்துக்கிட்டா இது வெளிய வராதுன்னு கணக்கு." அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு இதையும் சேத்து எழுதிறலாம்."

டோரீன் றோலண்டின் காதருகே குனிந்தாள். "தம்பி, பிள்ளையார் புடிக்கப் போயி... நாம ரெண்டு பேருமே வேதக்காரங்க, மிச்சத்த யாராச்சும் சைவக்காரங்க வந்து சொல்லட்டும்."

காப்பாற்றப் போன ஆளின் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிவிட்டோமே என்று றோலண்டுக்குப் பட்டது. கட்டியை வாங்கி உருட்டிப் பார்த்தார். ஓரத்தில் கொஞ்சம் உடைத்து, சார்ஜன்ட் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கிளாசில் போட்டார்.

"ஏய், அது என்னோட தண்ணி!"

"கொஞ்சம் பொறுங்க, சார்ஜன்ட்." கரண்டியால் கலக்கினார். கட்டி இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. "டோரீன் அக்கா, இதப் புடிங்க."

பிடித்தவள் கையை மாற்றினாள். "என்னா தம்பி இது, ஐஸ் போட்ட மாதிரி வெறைக்குது?"

"சார்ஜன்ட், நீங்களும் புடிச்சுப் பாருங்க. உப்பக் கரைச்சா கிளாஸ் இப்படிச் சில்லுன்னு ஆகாது."

சார்ஜன்ட் பிடித்தார். அவர் தகப்பனாருக்கு வெலிமடைப் பக்கம் கிழங்குத் தோட்டம். சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. "யூரியா," என்றார் மெதுவாக.

"யூரியாதான். பையில பேரு இருந்தது, பொருளும் அதுதான். டயரைப் பூட்டுறப்ப தடவின சவுக்காரத் தண்ணி உள்ள இருந்திருக்கும். விபத்துக்கு முன்னாடி மழை நாள்ல வண்டி ஓடாம நின்னிருக்கும். ஈரம் பட்டதும் யூரியா எளகி, அடியில தேங்கி, ஒரே கட்டியா இறுகிருச்சு. அன்னைக்கு எறக்கத்துல வீலு சுத்தச் சுத்த அந்தக் கட்டி ஒரு பக்கமா அடிச்சிருக்கு. அழகன் மொதல்ல சொன்னதுதான் உண்மை. ஸ்டியரிங் அவன் கையைப் பிடுங்கியிருக்கு." றோலண்ட் ஜூட் பக்கம் திரும்பினார். "மத்த டயரத் தொற."

பின் டயரைத் திறந்தான். வெள்ளை மணிகள் காய்ந்த கடுகுபோல் சரசரவென்று கொட்டின. அடுத்ததிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

"மொதல்ல எந்த டயருக்கு ஊத்தினே?"

"இந்த முன் இடதுக்குத்தான் சார். பைய அவுத்ததும் மேலாப்புல இருந்து ஒரு கோப்பை."

றோலண்ட் அங்கேயே குந்திவிட்டார். பையின் மேலே ஒரு கோப்பை யூரியா. கீழே முழுக்க மணி. அவர் மனசுக்குள் ஒரு கதவு திறந்தது. திறந்த கதவுக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை.

"சார்ஜன்ட், நீங்க அறிக்கைய முடிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை அழகன் குடியிருக்கிற லயத்துக்குப் போயிட்டு வந்திர்றேன்."

"பொழுது சாயறதுக்குள்ள வாங்க. அப்புறம் நான் எழுதினது எழுதினதுதான்."

டோரீனின் பழைய கார் மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது. ரெண்டு பக்கமும் தேயிலை, நடுவில் பனி. கொழுந்துக் கூடைகளோடு ஓரமாக ஒதுங்கிய பெண்களுக்கு டோரீன் ஹோர்ன் அடித்துக் கையும் காட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடிக்க எப்போதாவது நினைவு வரும்.

"நான் சொல்றேன் கேளுங்க," என்றாள். "இது முதலாளி வேல. பரிமளத்த மெரட்டி, புருஷன் வாயால வேகம்னு சொல்ல வச்சிருக்கான். டயர்ல குறைன்னு வந்தா பங்களா பேரு கெட்டுரும்ல?"

"அக்கா, ஒருத்தன் மணியத் திருடுறான்னு வச்சுக்குங்க. எடுத்த அளவுக்கு எதைப் போடுவான்?"

"மண்ணைப் போடுவான். மணலைப் போடுவான்."

"யூரியாவப் போடுவானா?"

"இன்னைக்கு ஒரம் விக்கிற வெலைக்கா? பைத்தியமா அவனுக்கு? அதையுமில்ல சேத்துத் திருடுவான்!"

"அதான் சொல்றேன். யூரியாவ வச்ச ஆளு திருடன் இல்ல. மேலேருந்து எடுத்து, மேலேயே வச்ச ஆளு. எடுத்ததும் யூரியான்னு நம்பி, அதே சாமானை, அதே அளவு, திருப்பி வச்ச ஆளு."

டோரீன் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் பிடித்தாள். பை இருந்தது யார் வீட்டில் என்று அவளுக்கும் தெரியும்.

பரிமளம் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் நின்றாள். இவர்களைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"வாங்கய்யா, வாங்கக்கா. தேத்தண்ணி ஊத்துறேன். டயரத் தொறந்தாங்களா? அந்த ஜூட்டு என்னாத்தப் பண்ணி வச்சிருந்தான்?"

"தேத்தண்ணி வேணாம்மா." றோலண்டின் கண் பாத்தியில் இருந்தது. தாள்கள் மஞ்சளடித்து நின்றன. "லீக்ஸ் ஏன் இப்படிக் கெடக்கு?"

"அதை ஏங்க கேக்குறீங்க! எல்லாத்துலயும் கலப்படம். ஒரத்துலயும் கலப்படம். எப்பப் போட்டது, மழை இந்த ஊத்து ஊத்தியும் கரையவே மாட்டேங்குது. பாருங்களேன்." குனிந்து ஒரு செடியின் தூரைக் கிளறி, அள்ளிக் காட்டினாள். ஈர மண்ணுக்குள் வெள்ளை வெளேரென்று மணிகள்.

டோரீன் ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். கடிபடவில்லை. அதைத் துப்பாமல் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எந்தக் கடையில வாங்கினதும்மா?"

பரிமளத்துக்கு முகம் சிவந்தது. "வாங்கினது இல்லீங்க. முதலாளி சாமான்னு அவரு ஒரு பையக் கொண்டாந்து வச்சிருந்தாரு. கை வைக்காதேன்னாரு. என்னா சாமான்னு சொல்லல. பையில யூரியான்னு போட்டிருந்துச்சு, நம்ம ஊட்டுல போடாத ஒரமா? பாத்தி வாடிக் கெடந்துச்சு, ஒரே ஒரு கோப்பைதான் எடுத்தேன். திருடலீங்கய்யா! கைக்காசு வந்ததும் டவுன்ல புதுசா வாங்கி, அதே கோப்பையாலதான் திருப்பிப் போட்டேன். முதலாளி சாமானு, கொறைஞ்சு போச்சுன்னு பேரு வரக்கூடாதுன்னு தலைகட்டிக் குமிச்சே போட்டேன்."

குமித்துப் போட்டாளாம். அரைக் கோப்பையோடு ஏமாற்றியிருந்தால் கட்டியும் பாதியாகத்தான் இருந்திருக்கும், பழனியாண்டியும் ஒருவேளை வீடு வந்து சேர்ந்திருப்பார். நேர்மைக்கு இப்படியும் ஒரு கூலி உண்டா என்று றோலண்டுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இதப் பத்தி அழகன்கிட்ட எப்பவாச்சும் சொன்னீங்களா?"

"போன வாரம் பாக்கப் போனப்பதான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என்னாத்தப் பேசுறது? லீக்ஸ் எப்படி இருக்குன்னு கேட்டாரு. ஒரம் கரையவே இல்லன்னேன். எந்த ஒரம்னாரு. சொன்னேன். இதை யாருகிட்டயும் சொல்லாதேன்னு மட்டும் சொன்னாரு. சொல்லாம எடுத்தேன்னு கோவம் போலன்னு நெனைச்சு அழுதுக்கிட்டே வந்தேன்."

மிரட்டலும் இல்லை, முதலாளியும் இல்லை, மூடி மறைக்கக் களவும் இல்லை. அன்றைக்கு அந்தக் கம்பிக்குப் பின்னால் நின்றபடியே அழகன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டவன் நேரே சார்ஜன்டைக் கூப்பிட்டு, நான்தான் வேகமாக வந்தேன் என்று சொல்லிவிட்டான். டயரைத் திறக்க யாருக்கும் காரணம் இருக்கக்கூடாது என்று பார்த்தான். திறந்து பார்க்க வைத்தவர் றோலண்ட். அவரைத் தேடி வந்தவள் இவள்.

ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. போனால் அழகன் உள்ளே. ஜூட்டின் கடைக்கு இன்னும் கல். டோரீன் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல்லிவிடுங்கள் என்பதுபோல்.

சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கோப்பை, பை, டயர், கட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பரிமளம் கையில் இருந்த மணிகளைக் கீழே போடவில்லை.

"அப்ப வண்டிய ஆட்டினது நானா?" என்றாள் கடைசியில்.

"தெரியாம நடந்தது."

"அவருக்குத் தெரியும்ல?"

றோலண்ட் தலையசைத்தார்.

"பாவி மனுஷன்," என்றாள் பரிமளம். குரல் உடைந்தது. "எனக்காக உள்ளேயே கெடந்துரலாம்னு பாத்தாரா? என்னைய ஒரு வார்த்த கேக்காம?" சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நான் சொன்னா அவரை வுட்டுருவாங்களா?"

"பெரும்பாலும் விட்டுருவாங்க. வேணும்னு செஞ்சதில்லன்னு யாருக்கும் புரியும். ஆனா ஒங்களை விசாரிப்பாங்க. எழுதுவாங்க. கோர்ட்டுல எல்லார் முன்னாலயும் சொல்ல வேண்டியிருக்கும்."

"அப்ப எதுக்கு ரெண்டு பேரும் செத்த ஊட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? அவர் வர்றாருல்ல?" சொன்னவள் தானே நிறுத்திக்கொண்டாள். செத்த வீடு பக்கத்துக் காம்பராதான், நடுவில் ஒரே சுவர். பழனியாண்டியின் மனைவி லெட்சுமி அங்கே இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இழவு விழுந்த நாளிலிருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"பொலிசுக்கு அப்புறம் போவோம்," என்றாள் பரிமளம். "மொதல்ல அவங்ககிட்ட சொல்லணும். வேற வாயி சொல்லி அவங்க கேக்கக் கூடாது."

"தனியாப் போகாத, நானும் வர்றேன்," என்றாள் டோரீன்.

"வேணாம்க்கா."

அவள் இஸ்தோப்புப் படியில் ஏறவில்லை. கீழே மண்ணில் நின்றபடியே பேசினாள். றோலண்டுக்குச் சொற்கள் கேட்கவில்லை, லெட்சுமியின் கையில் சுளகு நின்றுபோனதுதான் தெரிந்தது. பரிமளம் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். லெட்சுமி எட்டிப் பார்த்தாள். ஓவென்று கத்துவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று றோலண்ட் ஓர் அடி முன்னால் வைத்தார். டோரீன் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

லெட்சுமி எழுந்தாள். அவள் பேசியது லயம் முழுக்கக் கேட்டது.

"பொணத்த எடுத்த அன்னைக்கு ஒம் புருஷன் பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்தினேன்டி. அவன் வெளங்கவே கூடாதுன்னு தூத்தினேன். அந்தப் பய, செய்யாத தப்புக்கு அதையும் தலையில வாங்கிக்கிட்டு உள்ள ஒக்காந்திருக்கானா?"

பரிமளம் கும்பிட்ட கையோடு அழுதாள்.

"அழுவாத. எனக்கு ஒன்னையப் பாக்கவே புடிக்கல. ஒங்கிட்ட என்ன பேசணுமோ அத நான் அப்புறம் பேசிக்கிறேன்." லெட்சுமி சுளகைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நட, நானும் வர்றேன். மண்ண வாரித் தூத்தின நானே போயி, அவன் மேல தப்பில்லன்னு பொலிசுல சொன்னாத்தான் அவனை வெளிய எடுக்க முடியும். மொதல்ல அவன் வரட்டும்."